அரேயில் நேன்: தூக்கிப் போடுவதா, மூடி வைப்பதா?

ஜூலை 4, இரவு 9:12 (கேள்வி)

கல்லூரி புராஜெக்ட். எங்கள் வளாகத்து மழைமானியின் ஒரு வருஷத்துத் தினசரி அளவை நம்பை (பைத்தான் மொழியின் கணக்கு நூலகம்) அரேயில், அதாவது எண் வரிசையில், வைத்திருக்கிறேன். 365 எண்கள், நடுநடுவே அளவு இல்லாத இடங்களில் நேன் (NaN, "எண் அல்ல" என்ற குறி). ஃபார் லூப் ஓட்டி, ஒவ்வொன்றும் நேனுக்குச் சமமா என்று பார்த்து நீக்கச் சொன்னேன். ஒன்றுகூட நீங்கவில்லை, எர்ரரும் வரவில்லை. பிரிண்ட் போட்டால் நேன் கண்ணெதிரே நிற்கிறது. என்ன தப்பு? ஒரே வரியில் முடிக்க வழி உண்டா அண்ணா?

ஜூலை 4, இரவு 10:05

சமக்குறி போட்டு நேனைப் பிடிக்க முடியாது தம்பி. நேன் எந்த எண்ணுக்கும் சமமில்லை, இன்னொரு நேனுக்கும் சமமில்லை, தனக்கே சமமில்லை. பைத்தான் மேல் பழி போடாதே. கணினி பின்ன எண்களை எப்படி வைக்க வேண்டும் என்று 1985-இல் வந்த ஐஈஈஈ 754 தரத்தில் அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். பிறகு வந்த சிப்புகளும் மொழிகளும் அதன் வழியே போய்விட்டன. அந்தத் தரத்துக்கு முன்னின்று உழைத்த வில்லியம் கேஹனுக்கு 1989-இல் கணினித் துறையின் டூரிங் விருது கிடைத்தது.

உன் லூப்பை ஏமாற்றிய அதே குணத்தை வைத்தே வேலையை முடிக்கலாம்:

மழை = மழை[மழை == மழை]

இதை அப்படியே ஒட்டி ஓட்டிப் பார். பைத்தான் 3 தமிழில் மாறிப் பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்ளும். எண்ணாக இருப்பதெல்லாம் தனக்குத் தான் சமம், அங்கே ட்ரூ விழும். நேன் இருக்கும் இடத்தில் ஃபால்ஸ் விழும். சதுர அடைப்புக்குள் ட்ரூ, ஃபால்ஸ் பட்டியலைக் கொடுத்தால் நம்பை ட்ரூ விழுந்த இடங்களை மட்டும் பொறுக்கிப் புது அரே கட்டித் தரும்.

ஜூலை 4, இரவு 10:20

லூப்பை விடு, அது எப்படியும் வேண்டாம். ஒரு லிஸ்டை நடந்துகொண்டே அதிலிருந்து நீக்கினால் பின்னால் இருப்பதெல்லாம் ஓரிடம் முன்னே நகரும், உன் லூப் அடுத்த இடத்துக்குத் தாவும். அடுத்தடுத்து இரண்டு நேன் இருந்தால் இரண்டாவது தப்பித்துவிடும். நம்பையின் டெலீட்டை லூப்புக்குள் வைத்தாலும் நாசம்தான். ஒவ்வொரு முறையும் முழு அரேயையும் நகலெடுக்கும். 365-க்குத் தெரியாது, கோடிக் கணக்கில் போனால் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஜூலை 5, காலை 7:40

படுத்த பிறகு தோன்றியது. நேற்றுச் சொன்ன வித்தை உனக்குப் புரிவதற்காக. நாலு பேர் படிக்கும் கோடில் எழுதாதே. "இது என்ன, தன்னைத் தானே ஒப்பிடுகிறதே" என்று ஒரு புத்திசாலி அந்த வரியைச் சுத்தம் செய்துவிடுவார். சி மொழியில் இன்னும் மோசம். ஜிசிசி கம்பைலரில் ஃபாஸ்ட் மேத் என்றொரு ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டுவிட்டால் "நேன் என்ற ஒன்றே வராது" என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும். பிறகு தனக்குத் தான் சமமா என்ற கேள்விக்கு எப்போதும் ஆம் என்று பதிலை மாற்றி வைக்க அதற்கு உரிமை உண்டு. சோதனை அங்கேயே இருப்பதுபோல் தெரியும், வேலை செய்யாது.

நம்பையில் இஸ்நேன் இருக்கிறது, நேன் உள்ள இடத்தில் ட்ரூ, மற்ற இடத்தில் ஃபால்ஸ் தரும். அதைக் கேட்டு, கிடைக்கும் பட்டியலுக்கு ஒரு பெயர் வை:

மழை[~ஓட்டை]

"ஓட்டை" என்பது இஸ்நேன் தந்த பட்டியல். முன்னால் இருக்கும் அலைக்குறி அதைத் தலைகீழாக்கும். பெயர் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஜூலை 5, மாலை 6:30

கேட்டவர் எழுதியிருக்கிறார்: "வேலை முடிந்தது அண்ணா, 365 இப்போது 341. கிராஃபும் போட்டுவிட்டேன்." கிராஃபைப் பார்த்தேன். கீழ் அச்சில் 1 முதல் 341 வரை போட்டு "நாள்" என்று எழுதியிருக்கிறது.

இங்கேதான் வினை. அக்டோபர் 1 வருஷத்தின் 274-ஆம் நாள். அதற்கு முன்பே அந்த 24 ஓட்டைகளும் வந்துவிட்டன என்று வை, அக்டோபர் 1-இன் மழை 250-ஆம் இடத்தில் வந்து உட்காரும். 250 என்பது செப்டம்பர் 7. வடகிழக்குப் பருவமழையை மூன்று வாரத்துக்கு மேல் முன்னால் இழுத்துவிட்டாய். உன் கிராஃபில் அக்டோபர் வேகத்து மழை தென்மேற்குப் பருவம் முடியும் முன்பே கொட்டுகிறது.

அரேயில் எண்ணுக்குத் தனியாக முகவரி கிடையாது. எத்தனையாவது இடம் என்பதே அதன் முகவரி. 40-ஆவது எண்ணை எடுத்துப் போட்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை எண்ணும் வீடு மாறிவிடும். யாரும் எர்ரர் கொடுக்க மாட்டார்கள்.

இப்போது அந்தப் பெயர் வைத்த பட்டியல் உதவும். நாள் எண்களை இன்னொரு அரேயாக வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே சல்லடையில் சலி:

நாள்[~ஓட்டை]
மழை[~ஓட்டை]

இரண்டிலும் 341 வரும். ஒவ்வொரு மழைக்கும் அதன் நாள் கூடவே வரும். கிராஃபை அதை வைத்துப் போடு. இன்னும் நல்லது, எதையும் நீக்காமலே போடு. கிராஃப் வரையும் மேட்பிளாட்லிப் நூலகம் நேன் வந்த இடத்தில் கோட்டை முறித்துக் காட்டும். முறிந்திருப்பதைப் பார்ப்பவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும் அல்லவா.

ஜூலை 5, மாலை 6:48

பத்து நாள் நகரும் சராசரி எடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். சலித்த அரேயில் எடுத்திருந்தால் அது பத்து நாள் சராசரி அல்ல. மே 3-உம் மே 19-உம் அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம். திரும்பச் செய்.

ஜூலை 7, இரவு 11:15

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே வைத்துப் பேசுகிறேன், எல்லாருக்கும் உதவும். இரண்டு நிலையங்கள், இரண்டிலும் நேன். ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கோரிலேஷன் எடுக்க வேண்டும். அவர் தனித்தனியாகச் சலித்திருக்கிறார். ஒன்றில் 341, மற்றதில் 352. நீளம் ஒத்துவரவில்லை என்று நம்பை கத்தியது. "இரண்டையும் 341-இல் வெட்டிவிட்டேன், இப்போது ஓடுகிறது" என்கிறார்.

ஓடும். கத்தியபோது கேட்டிருக்கலாம். இதைவிட ஆபத்து, தற்செயலாக இரண்டிலும் ஒரே எண்ணிக்கை ஓட்டை இருப்பது. அப்போது கத்தக்கூட ஆள் இல்லை. ஒரு ஊரின் ஜூன் 12-ஐ மற்ற ஊரின் ஜூன் 15-ஓடு ஒப்பிட்டு 0.3 என்று ஒரு எண் வரும். அதை வைத்து "இரண்டு ஊர் மழைக்கும் தொடர்பு குறைவு" என்று முடிவுரை எழுதுவோம்.

எங்காவது ஒன்றில் ஓட்டை இருந்தால் அந்த நாளை இரண்டிலிருந்தும் எடு:

ஓட்டை = ஓட்டை1 | ஓட்டை2

நடுவில் இருப்பது செங்குத்துக் கோடு, "அல்லது". பிறகு இரண்டுக்கும் இதே சல்லடை.

ஜூலை 9, காலை 8:10

மேலே ஒருவர்: "எதற்கு இவ்வளவு? கூட்ட நேன்சம், சராசரி எடுக்க நேன்மீன் என்று ரெடிமேடாக இருக்கிறதே, அவையே நேனைத் தாண்டிக்கொள்ளுமே."

தாண்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நேன்சம்மிடம் ஒரு மாதம் முழுக்க நேனாகக் கொடுத்துப் பாருங்கள். 0 என்று சொல்லும். நம்பை 1.9 பதிப்பிலிருந்து அப்படி, அதற்கு முன்பு நேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கணித நோக்கில் சரிதான், ஒன்றுமே இல்லாததன் கூட்டல் பூஜ்யம். மழைக்கு அது பொய். பூஜ்யம் என்றால் "மழை பெய்யவில்லை" என்று அளந்து சொன்னதாக அர்த்தம். மானி பழுதாகிக் கிடந்த மாதமும் வறண்ட மாதமும் ஒன்றாகிவிடும்.

நேன்மீன் இந்த விஷயத்தில் நேர்மையானது. முழுக்கக் காலியாக இருந்தால் எச்சரிக்கை கொடுத்து நேனைத் திருப்பித் தரும்.

அட்டவணைத் தரவுக்கான பைத்தான் நூலகமான பாண்டாஸிலும் இந்த ஊசலாட்டம் நடந்தது. 0.21-இல் காலிக் கூட்டல் நேன் ஆனது, உடனே 0.22-இல் மறுபடி பூஜ்யம் ஆனது. மின் கவுண்ட் என்ற வசதியையும் சேர்த்தார்கள். அதில் 1 கொடுத்தால் ஒரு எண்ணாவது இருந்தால்தான் கூட்டும், இல்லாவிட்டால் நேன். மழைக்கு 1 போதாது. ஒரு மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் பதிவாகியிருந்தால் அது மாத மழையா? எத்தனை நாள் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

ஜூலை 9, இரவு 9:50

காலையில் எழுதியது ஏட்டுச் சுரைக்காய் என்று ஒருவர் கிண்டல் செய்திருப்பதால் இது.

மழையளவை வைத்துப் பயிர்க் காப்பீட்டுக் கணக்குப் போடும் ஓர் இடத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். பெயர் வேண்டாம். குறிப்பிட்ட வாரங்களில் மழை இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இழப்பீடு என்பது மாதிரி ஏற்பாடு. ஒரு தாலுகாவில் நெருக்கமான நிலையங்கள் எல்லாம் நனைந்திருக்க, ஒன்று மட்டும் எலும்பாகக் காய்ந்து தெரிந்தது. அங்கே ஃபைலில் அந்த வாரங்களின் கட்டம் காலி. எங்களுக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் காலிக் கட்டத்தை நேனாக்கியது, நேன்சம் அதை பூஜ்யமாக்கியது, அடுத்த ஷீட் அதை வறட்சி ஆக்கியது. மூன்று படியிலும் எல்லாரும் முறைப்படிதான் செய்திருந்தார்கள். பக்கத்து நிலையத்தோடு வைத்துப் பார்த்த ஒரு பெண்தான் பிடித்தார். இல்லாவிட்டால் போயிருக்கும். அது விவசாயிக்குச் சாதகமாகத்தானே போயிருக்கும் என்றால், கணக்கு வேறொரு பக்கம், வெள்ள நஷ்டத்தில், இதே மாதிரி பூஜ்யம் விழுந்தால் அவருக்குப் பாதகம்.

ஜூலை 12, மதியம் 2:20

தம்பி இப்போது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டமிட்ட மழைத் தரவுக்குப் போய்விட்டார். 0.25 பாகைக் கட்டங்கள், 1901-லிருந்து. நல்ல தரவு. "இதில் நேனே இல்லை அண்ணா, சுத்தமாக இருக்கிறது" என்கிறார்.

இருக்கும். அங்கே இல்லாததை −999 என்று எழுதியிருப்பார்கள். நாட்டு எல்லைக்கு வெளியே, கடலில் எல்லாம் −999. சராசரி எடுத்துப் பார், மைனஸில் மழை பெய்யும். அது நல்லது, பார்த்ததும் தெரிந்துவிடும்.

வெப்பநிலைத் தரவு நயவஞ்சகம். அதில் இல்லாததற்கு 99.9. சென்னை வெயிலுக்கு 99.9 வந்தாலும் நம்புவோம் என்று நினைத்தார்களோ என்னவோ. உதாரணத்துக்கு, 30 நாளில் 29 நாள் 33 டிகிரி, ஒரு நாள் 99.9. சராசரி 35.2 என்று வரும். பார்த்தால் பதறத் தோன்றாது, "இந்த மாதம் கொஞ்சம் கூடுதல் வெயில்" என்று சொல்லத் தோன்றும். ஒரே ஓர் ஓட்டை இரண்டு டிகிரியைத் தூக்கிவிட்டது.

இன்னொரு கண்ணி. அந்த ஃபைல்களில் எண்கள் 32 பிட் ஃப்ளோட் (புள்ளி வைத்த எண்). படித்ததும் 64 பிட்டுக்கு மாற்றிவிட்டுப் பிறகு "99.9-க்குச் சமமா" என்று கேட்டால் ஒன்றும் சிக்காது. 32 பிட்டில் 99.9 சரியாக உட்காராது. பக்கத்தில் உள்ள 99.9000015 என்ற மாதிரி எண்தான் உட்காரும். 64 பிட்டுக்குப் போகும்போது அந்த வால் கூடவே போகும். அங்கே நீ கேட்கும் 99.9-க்கு வால் வேறு. ஆகவே சமக்குறியே வேண்டாம், "90-க்கு மேல்" என்று கேள். 90 டிகிரி வெயில் அடித்தால் தரவைப் பற்றிக் கவலைப்பட நாம் இருக்க மாட்டோம்.

முதல் வேலை, −999, 99.9 எல்லாவற்றையும் நேனாக்குவது. நீக்குகிற பேச்சு அதற்குப் பிறகு.

ஜூலை 13, காலை 10:30

இந்தியா காணாமல் போன கதை. ஒருவர் மேலே எழுதியிருக்கிறார், படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மழைத் தரவு ஒரு நாளைக்கு 129 வரிசை, 135 பத்தி. மொத்தம் 17,415 கட்டம். அவர் முதலில் நாம் சொன்ன சல்லடையை அப்படியே போட்டிருக்கிறார். இரண்டு பரிமாண அரே ஒரே நீளக் கயிறாக வந்துவிட்டது. அது நம்பையின் இயல்பு. பொறுக்கி எடுத்தபின் செவ்வகம் மிஞ்சாது, அதனால் ஒற்றை வரிசையாக நீட்டிவிடும். எந்த எண் எந்த ஊர் என்பது போச்சு.

பிறகு எங்கோ பார்த்து, "நேன் ஒன்றாவது இருக்கும் வரிசையை நீக்கு" என்று எழுதியிருக்கிறார். எனி (ஒன்றாவது), ஆக்ஸிஸ் 1 (வரிசை வரிசையாக). ஓடிற்று. மிஞ்சியது 0 வரிசை. ஏனென்றால் கட்டம் தொடங்குவது 66.5 கிழக்கில், முடிவது 100 கிழக்கில். அந்த அகலம் முழுக்க இந்திய நிலமாக இருக்கும் அட்சரேகை ஒன்றுகூட கிடையாது. எங்காவது கடலோ அண்டை நாடோ வந்தே தீரும். குமரியிலிருந்து காஷ்மீர் வரை எல்லா வரிசையும் போய்விட்டது.

எனி இடத்தில் ஆல் போட்டால் முழுக்கக் காலியான வரிசை மட்டும் போகும். ஆனால் இங்கே எதையும் நீக்கத் தேவையே இல்லை. வரைபடத்துக்குச் செவ்வகம் வேண்டும், நேன் அங்கேயே கிடக்கட்டும். கணக்குப் போடும் இடத்தில் மட்டும் தாண்டிக்கொள்.

ஜூலை 13, மாலை 5:05

எதையும் கலந்து வைக்கும் ஆப்ஜெக்ட் வகை அரேயில் இஸ்நேன் டைப் எர்ரர் தருகிறது என்றவருக்கு: உங்கள் பத்தியில் எங்கோ எழுத்தோ நன் (None) என்ற பைத்தானின் காலிப் பொருளோ கலந்திருக்கிறது. பாண்டாஸின் இஸ்என்ஏ அந்தக் காலிப் பொருளையும் பிடிக்கும், எழுத்தைப் பிடிக்காது. ஆனால் முதலில் என்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். "பதிவில்லை" என்று யாராவது தமிழிலேயே அடித்து வைத்திருப்பார்கள்.

ஜூலை 16, இரவு 10:40

ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். "எங்களுக்கு ஃபில்டருக்குள் பூலியன் என்று கொடுத்தால் போதும், குப்பை எல்லாம் போய்விடும்" என்கிறார் ஒருவர்.

போகும், பூஜ்யமும் சேர்ந்து போகும். பூலியன் கண்ணுக்கு 0-உம் நேனும் ஒன்றுதான், இரண்டும் பொய். மழைத் தரவில் பாதிக்கு மேல் பூஜ்யம்தான், பெய்யாத நாட்கள். அவற்றையும் வீசிவிட்டுச் சராசரி எடுத்தால் சென்னை சிரபுஞ்சியாகிவிடும். நம்பர் இஸ்ஃபைனைட் என்று கொடுங்கள், அது எண்களில் நேனையும் முடிவிலியையும் மட்டும் தள்ளும், பூஜ்யத்தைத் தொடாது.

அங்கே இன்னொரு வேடிக்கை. அரேயில் நேன் இருக்கிறதா என்று இன்டெக்ஸ்ஆஃபிடம் கேட்டால் இல்லை என்று −1 தரும். இன்க்ளூட்ஸிடம் கேட்டால் இருக்கிறது என்று சொல்லும். ஒரே அரே, ஒரே மொழி.

பைத்தானும் சளைத்ததில்லை. நேன், 1 என்ற லிஸ்டில் மேக்ஸ் கேட்டால் நேன் வரும். 1, நேன் என்று மாற்றி வைத்துக் கேட்டால் 1 வரும். யார் முதலில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து. நம்பையில் வரிசைப்படுத்தும் சார்ட் நேனைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும், அந்தளவுக்கு ஒழுங்கு.

ஜூலை 19, காலை 9:15

கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன், முதல் நாள் சொன்னதோடு இதையும் வைத்துப் படிக்க வேண்டும்.

நேன் "இல்லாதது" என்பதற்காக உண்டானதல்ல. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால், முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால், விடை இல்லை என்று சொல்ல ஒரு இடம் வேண்டியிருந்தது. அதற்கு வைத்தது. 64 பிட் எண்ணில் அடுக்குக்கான 11 பிட்டும் ஒன்றாக இருந்து, பின்னப் பகுதியில் பூஜ்யம் அல்லாத ஏதோ இருந்தால் அது நேன். பின்னப் பகுதியில் 52 பிட் சும்மா கிடக்கிறது. ஆர் மொழிக்காரர்கள் அதில் 1954 என்ற எண்ணை ஒளித்து வைத்து, "இது விடுபட்டது, கணக்குத் தவறியது அல்ல" என்று தனி அடையாளம் செய்துகொண்டார்கள். ஆரில் என்ஏ வேறு, நேன் வேறு. ஜூலியா மொழியில் மிஸ்ஸிங் என்று தனிப்பொருளே உண்டு. நம்பையில் அந்தப் பிரிவு இல்லை, இரண்டுக்கும் ஒரே நேன்.

இதனால் வருவது என்ன? ஃபைலில் 24 ஓட்டை. நீ நடுவில் ஒரு விகிதம் கணக்கிடுகிறாய், இந்த வருஷ மழை வகுத்தல் போன வருஷ மழை. இரண்டும் பூஜ்யமான நாளெல்லாம் புது நேன். கடைசியில் சலிக்கும்போது பழைய ஓட்டையும் நீ போட்ட ஓட்டையும் ஒரே கூடையில் போய்விடும். படித்த உடனே ஓட்டையை எண்ணு, கணக்குக்குப் பிறகு இன்னொரு முறை எண்ணு. எண்ணிக்கை ஏறியிருந்தால் நீக்காதே, தேடு.

ஜூலை 19, காலை 9:30

முழு எண் அரேயில் நேனே வைக்க முடியாது, பிட் எல்லாம் எண்ணுக்கே செலவாகிவிடும். அதனால்தான் பாண்டாஸில் ஒரு காலிக் கட்டம் இருந்தாலும் பத்தி முழுக்க ஃப்ளோட்டாக மாறி, கைபேசி எண்ணுக்குப் பின்னால் புள்ளி பூஜ்யம் முளைக்கிறது. பத்து இலக்கத்துக்கு அது அழகுக்குறைதான். 9,00,71,99,25,47,40,992-ஐத் தாண்டிய அடையாள எண்களுக்கு இலக்கமே மாறும். பாண்டாஸ் 0.24-இல் வந்த பெரிய ஐ போட்ட இன்ட்64 வகை இதற்கு மருந்து. அது எண்ணையும் ஓட்டைப் பட்டியலையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது, நாம் மேலே கையால் செய்தது மாதிரியே.

ஜூலை 23, இரவு 11:50

"அது ஏன் விடுபட்டது என்று நமக்கெதற்கு, இல்லாததை எடுத்துவிட்டு இருப்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டியதுதானே" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். விரிவாக எழுத வேண்டிய கேள்வி, தூக்கமும் வரவில்லை.

புள்ளியியல் அறிஞர் டொனால்ட் ரூபின் 1976-இல் இதை மூன்றாகப் பிரித்தார். ஓட்டை முழுக்கத் தற்செயலாக விழுவது. நமக்குத் தெரிந்த வேறொன்றைப் பொறுத்து விழுவது, உதாரணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அளப்பவர் வரமாட்டார். மூன்றாவது, விடுபட்ட எண் எவ்வளவோ அதைப் பொறுத்தே விழுவது. முதல் வகையில் எடுத்துப் போட்டால் சராசரிக்குச் சேதமில்லை. மூன்றாவதில் எடுத்துப் போடுவது, கணக்கைத் தெரிந்தே ஒரு பக்கம் சாய்ப்பது.

மழைமானி எப்போது சாகும்? வெயில் நாளில் சாவது அபூர்வம். புயலில் கரண்ட் போகும், டவர் விழும், மானிக்குள் தண்ணீர் ஏறும். பெரிய மழை நாள்தான் ஓட்டையாக வாய்ப்பு அதிகம். 2015 டிசம்பர் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை 8:30 வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். சென்னையின் வருஷ சராசரியே சுமார் 140 சென்டிமீட்டர். அந்த ஒற்றை நாள் பதிவாகாமல் போயிருந்தால் 365-இல் ஓர் ஓட்டை, 0.3 சதவீதம்கூட இல்லை என்று அசட்டையாக நீக்கியிருப்போம். சராசரி வருஷத்தின் மூன்றில் ஒரு பங்கு மழை அதோடு போயிருக்கும்.

ஓசோன் ஓட்டை கதை பலர் கேட்டிருப்பீர்கள். அண்டார்டிகாவின் ஹாலி தளத்தில் அளந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985-இல் கட்டுரை போட்டார்கள். நாசா செயற்கைக்கோளும் அதே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மென்பொருள் மிகக் குறைந்த அளவுகளைப் பிழை என்று தூக்கிப் போட்டுவிட்டதால் கோட்டைவிட்டார்கள் என்று பாடம் போலச் சொல்லுவார்கள். அப்படியே நடக்கவில்லை. 180 டாப்சன் அலகுக்கு (ஓசோனை அளக்கும் அலகு) கீழே வந்தவற்றைத் தூக்கி எறியவில்லை, சந்தேகக் குறி போட்டு வைத்திருந்தார்கள். நாசா ஆட்களும் அந்தக் குறிகள் குவிவதைக் கவனித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்கள் பத்திரமாக இருந்ததால்தான் 1986-இல் ஸ்டோலார்ஸ்கி குழு ஓட்டை எவ்வளவு பெரியது என்று செயற்கைக்கோள் தரவிலேயே காட்ட முடிந்தது. தூக்கிப் போட்டிருந்தால் காட்ட என்ன இருந்திருக்கும்?

நான் ஓட்டைப் பட்டியல், ஓட்டைப் பட்டியல் என்று அடித்துக்கொள்வது இதற்காகத்தான். குறி போட்டு வைத்ததை நாளைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

ஜூலை 24, காலை 7:20

இரண்டாம் உலகப்போர் விமானத்தில் குண்டு துளைத்த கதையை யாரும் இங்கே ஒட்ட வேண்டாம். திரும்பி வந்த விமானங்களின் துளைகளை மட்டும் பார்த்து, வராதவற்றை மறந்த கதை எல்லாருக்கும் தெரியும்.

ஜூலை 26, மாலை 4:10

நீக்குவதற்குப் பதில் நிரப்பலாமா? வெப்பநிலையில் ஒரு நாள் ஓட்டை என்றால் இரு பக்கத்து நாளின் நடுவை வைக்கலாம், பெரிதாகக் கெடாது. மழையில் செய்யாதே. நேற்று பூஜ்யம், நாளை 80 மில்லிமீட்டர், இன்று 40-ஆ? மழை அப்படி மரியாதையாகப் படியேறி வராது. எல்லா ஓட்டையிலும் சராசரியை அடைப்பது அதைவிட மோசம். சராசரி மாறாமல் நிற்கும், ஏற்ற இறக்கம் சுருங்கிவிடும், தரவு உள்ளதைவிட ஒழுங்காகத் தெரியும்.

இது என் கருத்து. நீரியல் படித்தவர்கள் பக்கத்து நிலையங்களை வைத்து நிரப்ப நல்ல வழிகள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வந்து எழுதினால் கேட்டுக்கொள்கிறேன். நிரப்பினாலும் எதை நிரப்பினோம் என்ற பட்டியல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஜூலை 28, இரவு 8:35

இணையதளத்தில் போடுபவர்களுக்கு ஒரு வரி. தரவை எழுத்தாக்கி அனுப்பும் ஜேசன் வடிவத்தில் பைத்தான் நேனை அப்படியே எழுதி அனுப்பிவிடும். ஜேசன் விதியில் நேன் கிடையாது, பிரவுசர் படிக்க மறுக்கும். அனுப்பும் முன் அதை நல் (null, காலி) ஆக்கிவிடு. இங்கும் நீக்காதே, மறுமுனையிலும் அரே நீளம் ஒத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, காலை 11:00

தம்பி: "120 வருஷத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு நாளுக்கும் சராசரி எடுக்கிறேன். லீப் வருஷத்தில் 366 வருகிறது, அடுக்க மாட்டேன் என்கிறது. பிப்ரவரி 29-ஐத் தூக்கிவிடட்டுமா?"

தூக்காதே. இந்த முறை நீயே நேன் போடு. 120 வரிசை, 366 பத்தி, முழுக்க நேன் நிரப்பிய அரே ஒன்று கட்டு. லீப் வருஷத்தை நேராக ஊற்று. மற்ற வருஷங்களில் பிப்ரவரி 28 வரை ஊற்றிவிட்டு, 60-ஆவது பத்தியை நேனாகவே விட்டு, மார்ச் 1-ஐ 61-இல் தொடங்கு. இல்லாவிட்டால் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை எல்லாம் லீப் வருஷத்தோடு ஒரு நாள் தள்ளி நிற்கும். பிறகு ஆக்ஸிஸ் 0 கொடுத்து நேன்மீன்.

கூடவே எத்தனை எண்ணை வைத்துச் சராசரி வந்தது என்று இன்னொரு அரே எடு, ~ஓட்டை என்பதை அதே ஆக்ஸிஸில் கூட்டினால் வந்துவிடும். 1901 முதல் 2020 வரை என்றால் மற்ற நாட்களுக்கு 120 வருஷம் வரும், பிப்ரவரி 29-க்கு 30 மட்டும். கிராஃபில் அந்த இடம் மட்டும் துள்ளினால் பயப்படாதே.